பங்கு என்னும் பேறு

ஒரு படத்தைப் பலர் கூடியிருந்து பார்க்கும்போது, திரையில் ஓடுவது ஒரு கதை. பார்ப்பவர் நெஞ்சில் ஓடுவது அவரவர் கதை. படத்தைப் பற்றி அவர்கள் உரைக்கும் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால், படத்தைக் காட்டிலும் பார்த்தவர்களையே நாம் மிகுதியாக அறிந்து கொள்கின்றோம். ‘லக்’ என்னும் அமெரிக்க அசைவூட்டப் படத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகள் அத்தகையன. அவற்றுள் ஒன்று, நாள்தோறும் நாம் எண்ணாமல் வழங்கும் ஒரு சொல்லின் உட்பொருளை எடுத்துக் காட்டிற்று. அதனை மாணவச் செல்வங்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் ஊர்ப் பெரியோர்களோடும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படமும் கதையும்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஆப்பிள் நிறுவனத்தின் இணையவழித் திரைச் சேவையில் இப்படம் வெளியாயிற்று. ஸ்கைடான்ஸ் அனிமேஷன் நிறுவனத்தின் முதல் முழுநீளப் படம் இது. இயக்கியவர் பெக்கி ஹோம்ஸ் என்னும் பெண்மணி. 1995-இல் ‘டாய் ஸ்டோரி’ படத்தை இயக்கிப் புகழ்பெற்ற ஜான் லாசட்டர் இதன் தயாரிப்பாளர்களுள் ஒருவர்.

சாம் என்பவள் கதைத்தலைவி. சிறு வயது முதல் சம்மர்லேண்ட் என்னும் பெண்குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். அவளைத் தத்தெடுத்துக் கொள்ள எக்குடும்பமும் முன்வரவில்லை. பதினெட்டு வயது நிறைந்தவுடன் இல்லத்தை விட்டு வெளியேறித் தனியே வாழ வேண்டியவளாகின்றாள். கைபட்டதெல்லாம் கெடும் இயல்பினள். ரொட்டித் துண்டு கைதவறினால் பழப்பாகு தடவிய பக்கம்தான் தரையில் விழும். ஒருநாள் இரவு நடைபாதையில் அமர்ந்து தான் உண்ணும் ரொட்டியில் ஒரு பகுதியை ஒரு கருப்புப் பூனைக்குக் கொடுக்கின்றாள். பூனை சென்ற பின் அவ்விடத்தில் ஒரு செப்பு நாணயம் கிடக்கின்றது. அது கைக்கு வந்தது முதல் எல்லாம் நலமாக முடிகின்றன. இல்லத்தில் இன்னும் ஒரு குடும்பத்திற்காக ஏங்கிக் காத்திருக்கும் ஹேசல் என்னும் சிறுமிக்கு அந்நாணயத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே சாமின் விருப்பம். அதற்குள் நாணயம் தொலைந்து போகின்றது. வேறொன்று பெறுவதற்காகப் பூனையைப் பின்தொடர்ந்து அவள் நற்பேற்று உலகிற்குள் நுழைகின்றாள்.

அவ்வுலகம் ஒரு நாணயத்தைப் போல் இரண்டு பக்கங்கள் உடையது. மேற்புறம் நற்பேறு, கீழ்ப்புறம் தீப்பேறு. ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர் ஆகூழ், போகூழ் என்று இரண்டாகப் பகுத்த பகுப்பு இவ்விடத்தில் நம் நினைவிற்கு வரும். இரண்டு வகைப் பேறுகளையும் மனிதருலகிற்கு மனம்போனபடி அனுப்பும் ஒரு பொறி அங்கே உள்ளது. தீப்பேற்றை அறவே ஒழித்துவிட வேண்டும் என்று அவ்வுலகின் தலைவியாகிய பெண் டிராகன் விரும்புகின்றது. சாமோ, தனக்கு வாய்த்த நல்ல உறவுகள் பலவும் தன் தீப்பேற்றின் வழியே வந்தவை என்பதை உணர்ந்து, இரண்டும் உலகிற்கு வேண்டும் என்கின்றாள். முடிவில் ஹேசலுக்கு ஒரு குடும்பம் கிடைக்கின்றது. பூனை சாமோடு வந்துவிடுகின்றது.

பலரும் சொன்னவை

இப்படத்தை விமர்சகர் பலர் முழுமனத்தோடு பாராட்டவில்லை. பேற்றுலகின் விதிகள் மிகுதியாகிக் கதையை நெருக்குகின்றன என்பது அவர்கள் கூறிய குறை. 2001-இல் வந்த ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’, 2015-இல் வந்த ‘இன்சைடு அவுட்’ ஆகிய பிக்சார் படங்களோடு ஒப்பிட்டு, அவற்றின் எளிமை இதில் இல்லை என்றும் எழுதினர். அக்குறை பெரும்பாலும் உண்மையே. நற்பேற்றைச் சுமப்பவை எவை, தீப்பேற்றைத் தடுப்பவை எவை என்று கணக்கு வைத்துக் கொள்ள முயன்றால் பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

குழந்தைகளுக்கு அக்கணக்கு வேண்டியதில்லை. சென்ற நோன்புப் பெருநாளுக்கு வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் தங்கை மகன், தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து இப்படத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் காட்டினான். வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் பாயில் அமர்ந்தனர். வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்து தீப்பேற்றைத் துடைத்துத் திரியும் முயல்கள் வரும்போதெல்லாம் கூடம் அதிர்ந்தது. அவர்களைப் பொறுத்த வரையில் இது ஒரு பூனையின் கதை. சாம் பூனைக்குத் துணையாக வந்தவள், அவ்வளவே.

என் மாமி அவர்கள் நாற்காலியில் அமர்ந்து பாதிப்படம் பார்த்தார்கள். நாணயம் கிடைத்ததும் சாமுக்கு எல்லாம் கைகூடுவதைக் கண்டு, “இது லாட்டரிச் சீட்டுக் கதையல்லவா!” என்றார்கள். அவர்களுடைய தமையனார் தறி நெய்து ஈட்டிய கூலியை நாள்தவறாமல் சீட்டுக்கடையில் கொடுத்தவர். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்ட செய்தி வந்த அன்று, அவர் மனைவி இரண்டு ரக்அத் தொழுது இறைவனுக்கு நன்றி சொன்னாராம். “நாணயம் தொலைந்து போனதுதான் அந்தப் பெண்ணுக்கு நல்லகாலம்” என்பது மாமி அவர்களின் முடிபு.

ரொட்டியும் மேசையும்

பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்த இயற்பியல் துறைப் பேராசிரியை ஒருவர், ரொட்டி விழும் காட்சியை மட்டும் மீண்டும் ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். ரொட்டி தலைகீழாக விழுவதற்கும் பேற்றிற்கும் தொடர்பில்லை என்று பிள்ளைகளுக்கு விளக்கலானார். 1995-இல் இராபர்ட் மாத்யூஸ் என்னும் ஆங்கிலேய இயற்பியலறிஞர் இதனை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டில், நகைக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கு அளிக்கப்படும் ‘இக் நோபல்’ பரிசும் அதற்குக் கிடைத்தது. மேசை விளிம்பிலிருந்து நழுவும் ரொட்டி சுழன்றுகொண்டே விழுகின்றது. நாம் வழங்கும் மேசையின் உயரத்தில், தரையைத் தொடுவதற்குள் அஃது ஏறத்தாழ அரைச் சுற்றுத்தான் சுழல முடியும். ஆகவே மேற்பக்கம் கீழ்ப்பக்கமாகின்றது. மேசை மிக உயரமாக இருந்தால் முழுச் சுற்றும் சுழன்று நேராகவே விழக்கூடும்.

“அப்படியானால் அந்த அக்காவுக்குத் தீப்பேறு இல்லையா?” என்று சிறியவன் கேட்டான். “மேசை அந்த உயரம், அவ்வளவுதான்” என்றார் பேராசிரியை. எல்லாரும் நகைத்தோம். அந்த விடை நகைப்பிற்கு அப்பாலும் செல்லும் என்பதைச் சற்று நேரத்தில் கண்டோம்.

பறவையும் சகுனமும்

எங்கள் தெருவில் முதிய ஆலிம் ஒருவர் உள்ளார்கள். பிள்ளைகளிடம் கதையைக் கேட்டறிந்து, ஒரு நாணயம் மனிதனைக் காக்கும் என்று பிஞ்சு நெஞ்சில் பதிந்துவிடலாகாதே என்று கவலைப்பட்டார்கள். இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபியர், பயணம் புறப்படும்போது பறவையை விரட்டிப் பார்ப்பராம். வலப்புறம் பறந்தால் நன்மை, இடப்புறம் பறந்தால் தீமை. பறவைக்குத் ‘தைர்’ என்பது அரபுப் பெயர். அதனடியாகவே சகுனம் பார்த்தலுக்குத் ‘தியரா’ என்னும் பெயர் உண்டாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்காமல் விலக்கினார்கள் என்று எடுத்துரைத்தார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஓர் இன்பம் உண்டு. நம் பழந்தமிழிலும் ‘புள்’ என்னும் சொல் பறவையையும் குறிக்கும், நிமித்தத்தையும் குறிக்கும். நற்சகுனத்தைச் சுட்டும் ‘ஆஸ்பிஷஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், பறவை பார்த்துக் குறி சொன்ன உரோமரின் இலத்தீனிலிருந்து வந்ததே. மூன்று நிலத்து மக்களும் வானத்தை அண்ணாந்து பார்த்து, பறவையின் சிறகில் தம் வாழ்வைத் தேடியிருக்கின்றனர். கருப்புப் பூனையின் நிலையும் அத்தகையதே. பிரிட்டனில் அதனை நற்குறி என்போர் பலர்; அமெரிக்காவில் தீக்குறி என்போர் பலர். பூனை ஒன்றே, பார்க்கும் கண்தான் வேறு.

பெரியவரின் கவலைக்குப் படத்திலேயே ஒரு விடை உண்டு. சாம் இறுதியில் எந்த நாணயத்தையும் நம்பி நிற்கவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் அதனோடு நின்றுவிடாமல், அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடி வைத்தார் அல்லரோ!

அவள் சொன்னது

இத்தனை கருத்துகளுக்கும் இடையே பேசாமல் அமர்ந்திருந்தவள் ஒருத்தி. எம் துறையில் இளங்கலை மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி. நான்கு வயதில் பெற்றோரை இழந்து, ஒரு யத்தீம்கானாவில் வளர்ந்தவள். பதினெட்டு வயது நிறைந்து அங்கிருந்து வெளிவந்து, நல்லோர் சிலர் அளிக்கும் உதவித்தொகையில் கல்லூரியில் சேர்ந்தாள். பெருநாள் விடுமுறையில் விடுதிச் சமையற்கூடம் மூடப்படும். மற்றப் பிள்ளைகள் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிடுவர். அதனால் அந்த மூன்று நாளும் அவள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். ஆங்கில உரையாடல் விரைந்து சென்ற இடங்களில் என் தங்கை மகள் அவள் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரவு உணவிற்குப் பின் பாத்திரம் துலக்கிக் கொண்டிருக்கையில், படம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நன்றாக இருந்தது அம்மா. ஆனால், புது வீட்டில் முதல் நாள் அவள் தனியாக நிற்கிறாளே, அந்த இடத்தில் யாருமே ஒன்றும் சொல்லவில்லை. பூனை எப்போது வரும் என்றுதான் பிள்ளைகள் கேட்டார்கள்” என்றாள்.

சற்றுப் பொறுத்து மீண்டும் பேசினாள். “எல்லாரும் நாணயத்தைப் பற்றியே பேசினீர்கள். பூனைக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த பிறகுதானே அம்மா நாணயம் கிடைத்தது? அவளிடம் இருந்ததே அந்த ஒரு ரொட்டிதான்.”

பிறகு, கைவேலையை நிறுத்தாமல், எவரையும் நோகாத குரலில் ஒரு செய்தி சொன்னாள். அவள் வளர்ந்த இல்லத்திற்குப் பெருநாள்தோறும் பிரியாணி வருமாம். கொண்டு வருபவர்கள் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் தலையைத் தடவி, “பாவம், நசீபு இல்லாத பிள்ளைகள்” என்பார்களாம். “பதினான்கு வருடம் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில், நசீபு இல்லாமை என்பது ஏதோ ஒட்டிக்கொள்ளும் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அம்மா. அதனால்தான் யாரும் எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போவதில்லை என்று நினைத்தேன்.”

பால், பாக்கியம், நசீபு

அன்றிரவு அச்சொல்லைப் பற்றியே எண்ணிக் கொண்டிருந்தேன். நம் வீடுகளில் நசீபு என்னும் சொல் வழங்காத நாள் இல்லை. பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தால் நசீபு. வெளிநாட்டு விசா தவறிப் போனால் நசீபு இல்லை. நற்பேறு என்னும் பொருளிலேயே அதனை வழங்குகின்றோம். ஆனால் அரபு மொழியில் ‘நஸீப்’ என்பதன் நேர்ப்பொருள் பங்கு என்பதாகும். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ஏழாம் வசனத்தில், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்ற பொருளில் ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு என்று கூறுமிடத்தில் வருவது இச்சொல்லே. அதற்கு அடுத்த வசனம் யாரைப் பேசுகின்றது? பாகம் பிரிக்கும் இடத்திற்கு உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால், அவர்களுக்கும் அதிலிருந்து கொடுக்கும்படியும், அவர்களிடம் இனிய சொல் பேசும்படியும் பணிக்கின்றது. பொருளோடு சொல்லும் இனியதாக வேண்டும் என்பது கருதத்தக்கது.

நம் மொழிவழக்கும் இதற்கு அரண் செய்கின்றது. பாக்கியம் என்னும் வடசொல், பங்கு எனப் பொருள்படும் பாகம் என்பதோடு உறவுடையது. தமிழில் ‘பால்’ என்னும் சொல் பகுதி, பங்கு என்றும் பொருள்படும். ஊழ் என்றும் பொருள்படும். தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதற்குத் தொல்காப்பியர் காரணமாகச் சொல்வது இப்பாலினையே. ‘அதிர்ஷ்டம்’ என்னும் சொல் ஒன்றுதான் இவற்றினின்றும் விலகி நிற்கின்றது. காணப்படாதது என்பது அதன் பொருள். எங்கிருந்து வந்தது, யார் தந்தது என்று எவரும் கேட்க முடியாத ஒன்றாகப் பேற்றை அது மறைத்துவிடுகின்றது. பால் என்றும் பாக்கியம் என்றும் நசீபு என்றும் சொல்லும்போதோ, வகுப்பவன் ஒருவன் உண்டு, பெறுபவர் பலர் உண்டு, பங்கு தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது.

நான்கு வயதில் தாயையும் தந்தையையும் இழந்தது அம்மாணவியின் ஊழ். அதனை மாற்ற மனிதரால் இயலாது. பொறுமையோடு இறைவன் நாட்டம் என்று ஏற்றுக் கொள்வதே முறை. அதன்பின் அவளுக்கு நேர்ந்தவற்றை எல்லாம் ஊழின் கணக்கில் எழுதுவது முறையாகாது. பெருநாளன்று அவளை யாரும் வீட்டிற்கு அழைக்காதது ஊழன்று. பதினெட்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள் எங்குச் செல்வாள் என்று யாரும் கேட்காததும் ஊழன்று. இவை மேசையின் உயரத்தைச் சார்ந்தவை. மேசையைச் செய்தவர்கள் மனிதர்கள்.

அந்த உயரத்தை மாற்ற உலகம் முயலாமலில்லை. இப்படம் பிறந்த அமெரிக்காவில், வளர்ப்பு இல்லங்களில் உள்ளவர்க்கு இருபத்தொரு வயது வரை ஆதரவை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழிசெய்யும் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டது. நம் நாட்டின் இளைஞர் நீதிச் சட்டம், 2015, தன் 46-ஆம் பிரிவில், பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோர் சமுதாயத்தில் நிலைபெறுவதற்கு நிதியுதவி அளிக்க இடம் தருகின்றது. அதன் விதிகள் இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்புக்கு வகை செய்கின்றன. இல்லம் நடத்தும் பெரியோர்களும், அங்கிருந்து வரும் மாணவர்களும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகி இதனைக் கேட்டறிதல் நலம்.

நாம் செய்யத்தக்கது

சட்டம் தரக்கூடியது உதவித்தொகை. அதனால் தர இயலாத ஒன்று உண்டு. எம் விடுதிச் சேர்க்கைப் படிவத்தில் ‘விடுமுறைக்கால முகவரி’ என்று ஒரு கட்டம் இருக்கின்றது. அதன் கீழே ‘பாதுகாவலர் கையொப்பம்’ என்று மற்றொரு கட்டம். பெரும்பாலான பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கின்றனர். சிலருடைய பேனா மட்டும் அவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. தன்னை வளர்த்த இல்லத்தின் முகவரியை எழுதலாமா, அங்கே இப்போது தன் கட்டிலில் வேறொரு குழந்தை உறங்குகின்றதே என்று அவர்கள் எண்ணுகின்றனர்.

இந்த ஒரு கட்டத்தை நிரப்புவது நம் கல்லூரிக் குடும்பத்திற்கு அரிய செயலன்று. ஆண்டுதோறும் எம் துறைக்கு வரும் இத்தகைய மாணவ மாணவியர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஊரிலோ வாசல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. முன்னாள் மாணவர் சங்கமும் ஜமாஅத் பெரியோர்களும் துறை ஆசிரியர்களும் கூடி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு என்று கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வகுத்து வைக்கலாம். படிப்பு முடியும் வரை விடுமுறை தோறும் அதே வீடு, அதே மனிதர்கள். பெருநாளுக்கு மட்டும் அழைத்து, புத்தாடை கொடுத்து, ஒளிப்படம் எடுத்து அனுப்பும் அழைப்பாக அஃது இருத்தல் கூடாது. காய்ச்சல் வந்தால் தொலைபேசியில் அழைப்பதற்கும், தேர்வில் தவறினால் கடிந்து கொள்வதற்கும் உரிமையுடைய வீடாக இருத்தல் வேண்டும். பாதுகாப்பும் மதிப்பும் குன்றாமல் இதனை நடத்தும் பொறுப்பைத் துறைத்தலைவரும் விடுதிக் காப்பாளரும் ஏற்றால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் அறைத்தோழி விடுமுறைக்கு எங்கே செல்கின்றாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் விடை சொல்லத் தயங்கினால், உங்கள் உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “பாவம்” என்று சொல்லாதீர்கள். “வா” என்று சொல்லுங்கள். பெரியோர்களே, நசீபு இல்லாத பிள்ளைகள் என்று இனி எவரையும் குறிப்பிடாமலிருப்போம். ஒருவர்க்கு நசீபு இல்லை என்றால், அவருடைய பங்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பதே பொருள். அது யாருடைய கையில் தங்கி நிற்கின்றது என்பதை நாம் நம் வீடுகளில் தேடிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாண்டுச் சேர்க்கை தொடங்க இன்னும் சில திங்கள்களே உள்ளன. படிவங்கள் அச்சிடப்படும், அந்தக் கட்டமும் அதில் இருக்கும். அதில் எழுதப்படும் முகவரி, எங்கிருந்தோ தற்செயலாய் வந்து விழும் நாணயமாக இருக்க வேண்டியதில்லை. நம் தெருவின் பெயராக, நம் வீட்டின் எண்ணாக இருக்கட்டும்.